கீழூரில் விழுந்த 178 சீட்டுகள்

தண்டம் முதல் சாமம் வரை – பகுதி 9

புதுச்சேரியின் குருசுக்குப்பத்துக் கடலோரத்தில் இப்போது மணல் குறைவு. அலையைத் தடுக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் வலையை விரித்துப்போட்டு, அறுந்த கண்ணிகளை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கோட்டக்குப்பத்துக்கு நடந்தே போயிடலாமா?" என்று கேட்டேன்.

"முக்கா மணி நேரம் ஆவும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

வைத்திக்குப்பம், முத்தியால்பேட்டை தாண்டினால் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம். இன்று அந்த எல்லையில் மாறுவது பெட்ரோல் விலை, வண்டி எண்பலகை, மதுக்கடைகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் 1949-இல் அங்கே நாடே மாறியது. காலையில் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வடக்கே நடந்தவள், வெயில் ஏறுவதற்குள் பிரான்ஸை விட்டு இந்தியாவுக்குள் நுழைந்துவிடுவாள். கூடையைத் திறந்து பார்க்க அங்கே ஆள் நின்றிருக்கும்.

இந்த வாரக் கதை அந்த எல்லையில் தொடங்குகிறது.

★

இதுவரை

நம் முன்னோர் அரசுகளின் வழிகளைச் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்காக எண்ணினார்கள். பேசிப் பார், கொடுத்துப் பார், பிரித்துப் பார், கடைசியில் அடித்துப் பார். புதுச்சேரியின் கதை இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு வந்தது. இங்கே முதலில் வந்தது தண்டம்.

1693-இல் டச்சுக்காரர்கள். 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள். நான்கு முறை இந்த ஊரைப் படைகொண்டு பிடித்தார்கள். நான்கு முறையும் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்தாகி, ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமே திரும்பியது. 1761 ஜனவரியில் பட்டினியால் சரணடைந்த நகரத்தை ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். 1763-இன் பாரிஸ் உடன்படிக்கை அந்த இடிபாட்டையே பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தது.

1814-இன் உடன்படிக்கை கடைசி முறையாகத் திருப்பித் தந்தபோது ஒரு நிபந்தனையும் வந்தது. இனிக் கோட்டை கட்டக் கூடாது. காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. அன்றோடு இந்தக் கரையில் பிரான்ஸின் தண்டம் முடிந்தது.

அப்படியிருந்தும் அடுத்த 140 ஆண்டுகள் பிரெஞ்சுக்கொடி இங்கே பறந்தது. எந்த பலத்தில் பறந்தது என்பதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். எந்த பலத்தால் இறங்கியது என்பது இந்த வாரம்.

★

முதலில் பேச்சு

1947 ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் போய்விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. அவர்களிடம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என ஐந்து துண்டுகள் இருந்தன. அவை தவிர மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத் போன்ற இடங்களில் பண்டகசாலை இருந்த சிறுசிறு மனைகளும் இருந்தன. அந்த மனைகளை 1947 அக்டோபரில் இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். நல்லெண்ணத்துக்கு அச்சாரம்.

ஐந்து ஊர்களையும் அப்படிக் கொடுத்துவிட முடியாது என்றது பாரிஸ். காரணம் சட்டம். 1946-இன் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று சொன்னது.

1948 ஜூனில் இரு அரசுகளும் உடன்பட்டன. மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்.

முதலில் வாக்களித்தது சந்திரநாகூர். 1949 ஜூன் 19. இந்தியாவோடு சேர 7,473 வாக்குகள். எதிராக வெறும் 114. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊர் மறு ஆண்டே இந்திய நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது.

மற்ற நான்கும் இப்படியே வந்துவிடும் என்று டெல்லி எண்ணியிருக்கலாம். ஆனால் புதுச்சேரியில் கணக்கு வேறு. 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலில் வென்றிருந்தது எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. குபேர் அப்போது பிரான்ஸின் பக்கம் நின்றார்.

சாமம் இந்த இடத்தில் நின்றுபோனது.

★

ஏப்ரல், 1949

பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே டெல்லி இன்னொரு கதவை மூடியது.

1941 முதல் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஆங்கிலேய இந்தியாவுக்கும் இடையே சுங்கக் கூட்டு ஒன்று இருந்தது. அதன்படி இரண்டு பக்கமும் சரக்கு தடையில்லாமல் போய்வரும். 1949 மார்ச்சோடு இந்தியா அதை முடித்துக்கொண்டது. ஏப்ரலில் எல்லை நெடுகச் சுங்கச்சாவடிகள் முளைத்தன.

ஒரு வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் இதன் கூர்மை புரியும். புதுச்சேரி ஒரே துண்டான நிலம் கிடையாது. நகரம், உழவர்கரை, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எட்டு கொம்யூன்கள், அதாவது நகராட்சிப் பகுதிகள். அவற்றுக்கு நடுவே தென்னாற்காட்டுக் கிராமங்கள் புகுந்து கிடந்தன. ஒரு வயல் இங்கே, கிணறு அங்கே. பெண் கொடுத்த வீடு பிரான்ஸில், பெண் எடுத்த வீடு இந்தியாவில். நகரத்திலிருந்து கிளம்பிய மாட்டுவண்டி தன் சொந்தக் கொம்யூனுக்குப் போய்ச் சேர, வழியில் வெளிநாட்டைக் கடக்க வேண்டியிருந்தது.

சண்டை போடாமல் ஒரு ஊரை நெருக்க இதைவிட வசதியான வரைபடம் வேண்டாம். தானம் என்றால் கொடுப்பது மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். கொடுத்துக்கொண்டிருந்த கை ஒருநாள் நிறுத்திக்கொள்வதும் தானத்தின் மறுபக்கம்தான்.

★

பூட்டு யாருக்கு லாபம்?

டெல்லி ஒன்றை எதிர்பார்த்தது, நடந்தது வேறொன்று.

இந்தியாவோடு சுங்கக் கூட்டு இல்லை என்று ஆனதும் புதுச்சேரித் துறைமுகம் கட்டுப்பாடு தளர்ந்த சந்தையாகிவிட்டது. அந்நாளில் இந்தியாவில் இறக்குமதிக்கு ஆயிரம் தடை. தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் கப்பலில் இங்கே வந்து இறங்கின. ஒரு ஊர் தாங்குகிற அளவா அது? உள்ளே வந்தவை எல்லைக் கிராமங்களின் வழியே வெளியே கசிந்தன.

மறுபக்கம் மது. சென்னை மாகாணம் முழுக்க 1948-இல் மதுவிலக்கு வந்துவிட்டது. ஒரு வரப்பைத் தாண்டினால் சாராயம் கிடைக்கும் ஊர் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை விழுப்புரம், கடலூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே சாவடி முதலில் பயன்பட்டது கடத்தல்காரர்களுக்கு. எல்லை இருப்பதால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் நிழலில் அரசியலும் கொழுத்தது. ஆலைத் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் நெருக்கடி. மேலே இருந்தவர்களுக்குச் சுகம்.

பொருளாதார வலிமையின் இந்தக் குணம் இன்றைய உலகத்துக்கும் பொருந்தும். ஒரு நாட்டின் மேல் தடை விதித்தால் அரசு பணியும் என்று கணக்குப் போடுகிறார்கள். சாமானியன் வாடுகிறான், தடையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவன் பணக்காரனாகிறான். பணிய வேண்டியவர் பல நேரம் பணிவதே இல்லை.

புதுச்சேரியிலும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் ஓடின. 1951-இல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் இங்கே இல்லை என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். அதே ஆண்டு குபேர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிப் பாரிஸில் உட்கார்ந்தார். 1952 அக்டோபரில் இந்தியா, வாக்கெடுப்புப் பேச்சே இனி வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள் என்று கேட்டது.

பாரிஸ் அசையவில்லை.

★

மார்ச் 18, 1954

பூட்டு திறந்தது உள்ளேயிருந்து.

அன்று புதுச்சேரியின் நிர்வாகக் குழு உறுப்பினர்களும் கொம்யூன் மேயர்களும் கூடித் தீர்மானம் போட்டார்கள். வாக்கெடுப்பு தேவையில்லை, உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும்.

தீர்மானத்துக்குப் பின்னால் நின்றவர் குபேர். பிரான்ஸின் தூண் என்று கருதப்பட்ட அதே குபேர்.

ஏன் மாறினார்? நாட்டுப்பற்று என்பார் ஒருவர், சந்தர்ப்பம் என்பார் இன்னொருவர். நிர்வாக முறைகேடுகள் பற்றிய பிரெஞ்சு விசாரணை அவருடைய வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இந்தியாவின் துணைத்தூதரகத்தில் அப்போது கேவல் சிங் இருந்தார். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதுதான் பேதம். எதிரியின் கோட்டைச் சுவரை இடிக்க வேண்டாம். சுவருக்குள் இருப்பவர்களில் யாருக்கு இனி அந்தச் சுவர் தேவையில்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

சாவடி ஐந்து ஆண்டுகளாகச் செய்ய முடியாததை ஒரு கட்சிமாற்றம் செய்தது. ஆனால் சாவடி இல்லாமல் அந்தக் கட்சிமாற்றமும் வந்திராது. கடத்தல் பெருகி, விசாரணை வந்து, விசாரணை பயத்தைக் கொண்டுவந்தது. தடை அரசைப் பணியவைக்கவில்லை. அரசைத் தாங்கியவர்களின் கணக்கை மாற்றியது.

★

நெட்டப்பாக்கத்துக் கொடி

மார்ச் 31. நகரத்தைவிட்டு வெளியேறிய குபேரும் மேயர் முத்துப்பிள்ளையும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார்கள். தற்காலிக அரசு ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

ஏன் நெட்டப்பாக்கம்? மறுபடி வரைபடத்தைப் பாருங்கள். சுற்றிலும் இந்தியக் கிராமங்கள். நகரத்திலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே போக வேண்டுமானால் இந்திய மண்ணில் கால் வைத்தாக வேண்டும். இந்தியா வழிவிடவில்லை.

தன் கொடி இறங்குகிறது என்று தெரிந்தும் ஓர் அரசால் அந்த இடத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை.

ஏப்ரலில் கெடுபிடி இறுகியது. எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு. சாவடிகளில் காவல் பெருகியது. நகரத்துக்குள் பெட்ரோல் வருவது நின்றது. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் தொண்டர்கள் ஒருபக்கம் கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். திருபுவனை விழுந்தது. ஜூன் 13-இல் தாதலா ரஃபேல் ரமணய்யா தலைமையில் ஏனாம் போனது. ஜூலை 16-இல் ஐ. கே. குமரன் தலைமையில் மாஹே போனது.

1761-இலும் இந்த ஊரை முற்றுகைதான் பணியவைத்தது. அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை மாதக்கணக்கில் வளைத்து நின்றது. கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலியின் ஆட்கள் பட்டினி கிடந்தார்கள். புத்தாண்டன்று ஒரு புயல் வந்து ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்தும் முற்றுகை விலகவில்லை. 193 ஆண்டுகள் கழித்து வந்த முற்றுகைக்குக் கப்பலும் தேவைப்படவில்லை, பீரங்கியும் தேவைப்படவில்லை. ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் போதுமாயிருந்தன.

★

வியட்நாமிலிருந்து வந்த செய்தி

பிரான்ஸ் ஏன் படை அனுப்பவில்லை?

படை வேறிடத்தில் இருந்தது. வியட்நாம் மலைகளுக்கு நடுவே, தியன் பியன் பூவில். மார்ச் நடுவில் தொடங்கிய அந்த முற்றுகை மே 7-இல் முடிந்தது. பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

புதுச்சேரிக்கு அது தூரத்துச் செய்தி கிடையாது. சைகோன் என்றால் இங்கே பல வீடுகளுக்கு அடுத்த தெரு மாதிரி. பட்டாளத்திலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்க இந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாக அங்கே போய்வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கு இங்கே இன்றும் 'சொல்தா' என்றுதான் பெயர்.

அந்த ஏப்ரலில் இந்தியா இன்னொரு பூட்டையும் போட்டது. பிரெஞ்சுத் துருப்புகளை வியட்நாமுக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இந்திய வான்வெளியில் பறக்க நேரு அனுமதி மறுத்தார்.

மே நடுவில் பாரிஸில் தொடங்கிய இந்திய–பிரெஞ்சுப் பேச்சு ஜூனில் முறிந்தது. பதினைந்து நாளில் பாரிஸில் அரசே மாறியது. ஜூன் 18 அன்று பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். முதலில் வியட்நாம் போரை முடித்தார். ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு. பிறகு நம் கோப்பைப் பிரித்தார்.

டெல்லியும் படை அனுப்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோவா விஷயத்தில் போர்ச்சுகலின் சலாசார் பேசவே மறுத்தார். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் இரண்டே நாளில் அந்தக் கதையை முடித்தது. அதே நேரு, அதே நாடு. எதிரே இருப்பவர் எந்த மொழியில் பேச ஒப்புகிறாரோ, வலிமையும் அந்த மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

★

கீழூர்

இப்போது மிச்சமிருந்தது அந்த 27-ஆவது பிரிவு மட்டும். மக்களின் சம்மதம்.

வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். மக்கள் நேரடியாக வாக்களிக்க வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் வாக்களிக்கட்டும்.

இடம், விழுப்புரம் போகும் பக்கம் எல்லையோரத்தில் இருந்த கீழூர் என்னும் சிற்றூர். நாள், 1954 அக்டோபர் 18.

மாளிகை கிடையாது. தூண் வைத்த மண்டபம் கிடையாது. வயலும் புளியமரமும் சூழ்ந்த ஊர். அங்கே நான்கு பகுதிகளிலிருந்தும் வந்த 178 பேர் வாக்களித்தார்கள். ரகசிய வாக்கு.

எண்ணினார்கள். ஆதரவு 170. எதிர்ப்பு 8.

பிரெஞ்சு ஆளுநர் தூப்ளெக்ஸின் கனவு, லாலியின் தோல்வி, நான்கு முற்றுகைகள், இரண்டரை நூற்றாண்டு. எல்லாம் ஒரு நாள் வாக்குப்பதிவில் முடிந்தன.

அந்த எட்டுப் பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாவடியும் கட்சிமாற்றமும் கண்ணுக்கு எதிரே நடந்த பின்னும் 'வேண்டாம்' என்று சீட்டுப் போட்டவர்கள். அவர்கள் இருந்ததால்தான் அதை வாக்கெடுப்பு என்று சொல்ல முடிகிறது. 178-க்கு 178 விழுந்திருந்தால் அந்தப் பெட்டியை யார் நம்பியிருப்பார்கள்?

நேர்மையாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1948-இல் உறுதியளித்தபடி மக்கள் வாக்கெடுப்பு புதுச்சேரியில் கடைசிவரை நடக்கவில்லை. குருசுக்குப்பத்தில் வலை இழுத்தவரிடம் யாரும் சீட்டைக் கொடுத்துக் கேட்கவில்லை. அவர் சார்பில் 178 பேர் பேசினார்கள்.

ஆனாலும் அந்தச் சீட்டுகள் தேவைப்பட்டன. சாவடி ஊரை நெருக்கியது, கட்சிமாற்றம் கதவைத் திறந்தது. ஊரின் பட்டாவை மாற்றிக் கொடுக்க அந்த இரண்டாலும் முடியாது. அதற்குச் சம்மதம் என்ற முத்திரை வேண்டும். நான்கு முறை பிடித்தும் யாருக்கும் நிலைக்காத ஊர் ஐந்தாம் முறை நிலைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 21-இல் டெல்லியில் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் இந்திய வெளியுறவுத் துறையின் ஆர். கே. நேருவும் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 1 காலை, பிரான்ஸின் பிரதிநிதி பியேர் லாந்தி நிர்வாகத்தைக் கேவல் சிங்கிடம் ஒப்படைத்தார். பிரெஞ்சுக்கொடி இறங்கியது.

குபேர் பின்னாளில் இந்தியப் புதுச்சேரியின் முதலமைச்சரானார். இன்று கடற்கரைச் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது.

★

கொடி இறங்கிய பிறகு

ஆக, பிரான்ஸ் தோற்றது. கதை முடிந்ததா?

குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்து பாருங்கள். நீலப் பலகையில் தெருப்பெயர் பிரெஞ்சிலும் தமிழிலும். சந்திப்பில் சிவப்புக் கெப்பித் தொப்பியோடு நம் போலீஸ்காரர். கடலுக்கு எதிரே முதல் உலகப்போர் நினைவுச் சின்னம். ஜூலை 14 அன்று அங்கே மலர்வளையம் வைப்பார்கள். 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியில் இன்றும் வகுப்பு நடக்கிறது. கொடி இறங்கி ஐந்தே மாதத்தில், 1955 மார்ச்சில், ழான் ஃபிலியோசா இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார்; சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தன.

தோற்றவர்கள் மூட்டை கட்டுவார்கள். இவர்கள் நூலகம் கட்டினார்கள்.

1990-இல் ஜோசப் நை என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு 'மென்சக்தி' என்று பெயர் வைத்தார். அடித்தோ காசு கொடுத்தோ பணியவைக்காமல், தன்னை விரும்பவைத்துக் காரியம் சாதிப்பது. பெயர் புதிது. அந்தப் பெயருக்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் அது வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரு முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. 1954-இல் நடந்தது நிர்வாக ஒப்படைப்பு மட்டுமே. சட்டப்படியான உரிமை மாற்றத்துக்கு 1956 மே 28-இல் தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒரு பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாதவரை பிரெஞ்சே இங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. இன்னொன்று, யார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது.

அந்த ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது 1962 ஜூலையில். ஆகஸ்ட் 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. கீழூருக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், இந்தியக் கொடியின் கீழ் வாழ்ந்த புதுச்சேரிக்காரர் சட்டத்தின் கண்ணில் இன்னும் பிரெஞ்சு மண்ணில் நின்றுகொண்டிருந்தார்.

ஊரைக் கொடுத்துவிட்ட பாரிஸ், பத்திரத்தை மட்டும் ஏன் எட்டு ஆண்டுகள் பெட்டியில் பூட்டிவைத்தது? பெட்டி திறந்தபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் எந்த நாட்டுக்காரன் என்று எழுதித் தரச் சொன்னார்களே, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பதிலும் தம்பி ஒரு பதிலும் எழுதியது எதனால்?

(அடுத்த வாரம்)